ஓர் ஈட்டி, இரண்டு தடிகள்: காரைக்குடியில் வாங்கிய பழம்பொருள்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவையைச் சேர்ந்த, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தம்பதி ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காகக் காரைக்குடி போனார்கள். திரும்பும் நாளன்று பழம்பொருள் கடைத்தெருவைச் சுற்றிவிட்டு மூன்று உருப்படிகளோடு வீடு வந்து சேர்ந்தார்கள். ஆளுயரத்துக்குச் சற்று மேலான ஓர் ஈட்டி, 18,000 ரூபாய். அக்குளுக்கு முட்டுக்கொடுக்கும் வளைந்த தலையுடன் ஒரு குறுந்தடி, 2,500 ரூபாய். அலுமினியம் பெயின்ட் அடித்த ஐந்தடிக் கம்பு ஒன்று, 3,500 ரூபாய்.

ஈட்டியை ‘மருது பாண்டியர் காலத்து வேல்கம்பு’ என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். குறுந்தடி ‘சித்தர் தடி’. ஐந்தடிக் கம்புக்கு மட்டும் அவரிடம் கதை இல்லை. கொசுவலை கட்டின கம்பாக இருக்கும், தலையில் குமிழ் நன்றாக இருக்கிறது, திரைச்சீலை மாட்டிக்கொள்ளலாம் என்றாராம். ரசீதில் ‘பழைய சாமான், 3 உருப்படி’ என்று மட்டும் இருந்தது.

மூன்றையும் டல்லாஸில் இருக்கும் மகனுக்கு அனுப்புவது திட்டம். அதற்கு முன் கணவர் கம்பின் பெயின்ட்டை எடுக்க நினைத்தார். முதலில் தின்னர், பிறகு உப்புத்தாள், கடைசியில் பாத்திரம் தேய்க்கும் பொடி. பெயின்ட்டுக்குக் கீழே வெள்ளைத் தகடு தெரிந்தது. தகட்டில் எழுத்தும் தெரிந்தது. அப்போதுதான் உறவினர் ஒருவர் வழியாக என்னைத் தேடினார்கள். நான் அருங்காட்சியகப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

அவர்களுக்கு மூன்று கேள்விகள். இவை என்ன? எவ்வளவு பழையவை? வெளிநாட்டுக்கு அனுப்பலாமா? மூன்றாவது கேள்வியின் விடை இரண்டாவதில் இருந்தது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கைவினைப் பொருள் தொல்பொருள் ஆகிவிடும். அதைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. ஆகவே வயதைத் தோராயமாகச் சொல்லிவிட்டு நான் நழுவ முடியாது.

ஈட்டி

இது அரை மணி நேர வேலை. ஈட்டியின் மொத்த நீளம் ஆறரை அடி. இலை வடிவில் அகன்று விரியாமல், ஐந்து அங்குலத்துக்குள் ஒடுங்கிய கூர்முனை. தண்டு கெட்டி மூங்கில். உள்ளே பொந்து இல்லாத, கணு நெருக்கமான ரகம். அடியில் ஈயக் குண்டு. கையில் எடுத்ததுமே பாரம் அடிப்பக்கம் இழுத்தது.

நம் பக்கத்துக் கொல்லர் அடித்த வேல்கம்பில், தகட்டை மடித்து உருட்டிய குழல் பகுதியில் மடிப்பின் வாய் தெரியும். இதில் தெரியவில்லை. குழலைச் சுற்றிப் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்தபோது ஆங்கில எழுத்து முத்திரை வெளிப்பட்டது: போத்ராஜ், அவுரங்காபாத்.

அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. போத்ராஜ் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு வேட்டைக் கத்தியும் பன்றி ஈட்டியும் செய்து பெயர் வாங்கிய பட்டறை. குதிரை மேல் இருந்து காட்டுப்பன்றியைக் குத்தும் விளையாட்டு ராணுவ அதிகாரிகளிடம் ஒரு வெறியாகவே இருந்தது. மீரட் பக்கம் அதற்குக் காதிர் கோப்பை என்ற போட்டி, 1939 வரை நடந்தது. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1883-இல் அதை வென்றவர். இந்த விளையாட்டைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். ஈட்டியில் இரண்டு பாணி உண்டு. பம்பாய்ப் பாணி நீளமானது, ஈயம் இல்லாதது. வங்காளப் பாணி குட்டையானது, அடியில் ஈயம் வைத்தது, மேலிருந்து கீழாகக் குத்துவதற்கானது. நம் கையில் இருந்தது வங்காளப் பாணி.

மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டது 1801-இல். அந்தப் போருக்குப் பிறகு கம்பெனி அரசு பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது. அந்தக் காலத்து ஆயுதம் ஒன்று கடைத்தெருவில் ஆளில்லாமல் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகப்படுவதே நல்லது. தென்னாட்டு ஈட்டி, வேல், அங்குசம் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்க விரும்புகிறவர் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். தஞ்சை அரண்மனை ஆயுதச் சாலையிலிருந்து வந்தவை அங்கே இருக்கின்றன.

கணவரின் முகம் விழுந்துவிட்டது. ‘அப்ப ஏமாந்துட்டேனா சார்?’ என்றார். பொருள் பொய்யில்லை, கதைதான் பொய் என்றேன். இந்தப் பட்டறை நெடுங்காலம் இயங்கியதால் முத்திரையை வைத்து வயது சொல்ல முடியவில்லை. ஆயுத விதிகள் ஈட்டியைப் பெயர் சொல்லியே பட்டியலிடுவதால், அறிவிக்கப்பட்ட பகுதிகளில் வைத்திருக்கவே உரிமம் தேவைப்படும் என்பதையும் சொன்னேன். அவர் குடியிருக்கும் பகுதி அதில் வருகிறதா என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். வெளிநாட்டுக்கு அனுப்பும் யோசனையைக் கைவிட்டார்.

குறுந்தடி

நீளம் 58 செ.மீ. கைத்தடியாக ஊன்ற முடியாத அளவு. உட்கார்ந்த நிலையில் அக்குளுக்குக் கீழே கொடுத்தால் சரியாக நின்றது. அகத்தியர் படத்திலும் போகர் படத்திலும் கமண்டலத்துக்குப் பக்கத்தில் வரைவார்களே, அந்த யோகதண்டத்தின் வடிவம். இடது அக்குளில் அழுத்தினால் வலது நாசி திறக்கும், வலதில் அழுத்தினால் இடது. சரம், அதாவது நாசியில் ஓடும் மூச்சு, பார்க்கிறவர்கள் அதை மாற்றுவதற்கு இதை வைத்துக்கொள்வார்கள். இதே வடிவம் முஸ்லிம் பக்கீர்களிடமும் உண்டு. அவர்களுடையதில் சில இரும்பில் செய்தவை. உள்ளே ஒரு குத்துவாளை ஒளித்து வைத்திருக்கும். ஆகவே முதலில் காந்தம் வைத்துப் பார்த்தோம், தலையைத் திருகியும் பார்த்தோம். ஒன்றும் இல்லை, முழுக்க மரம். எழுத்தும் இல்லை, குறியும் இல்லை. யோகதண்டம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மறுத்துவிட்டேன். ‘சித்தர் தடி’ என்று மனைவி இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஐந்தடிக் கம்பு: முதல் வாசிப்பு

உறவினர் ஒருவர் இதை மடாதிபதியின் தண்டம் என்று அடித்துச் சொன்னார். சந்நியாசியின் தண்டம் வேறு. அத்வைதிகளுக்கு ஒற்றைக் கழி, வைணவ ஜீயர்களுக்கு மூன்று கழி சேர்த்துக் கட்டிய திரிதண்டம்; இரண்டும் துறவின் அடையாளம் என்பதால் கழியாகவே இருக்கும். முழுத் தண்டுக்கும் தகடு போர்த்தி, தலையில் குமிழ் வைத்த தடி, முன்னால் நடக்கிற ஆள் பிடித்துப் போவது. சாமி புறப்பாட்டில் கட்டியம் சொல்கிறவர் கையிலும், ஜமீன்தாருக்கு முன்னால் போகும் சேவகர் கையிலும் அதைப் பார்க்கலாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிக்கு முன்னால் போகும் சோப்தார் பிடிப்பதும் அதே வம்சம்தான். ஆக கோயிலா, அரண்மனையா என்பதை எழுத்துதான் சொல்ல வேண்டும்.

மேற்கொண்டு எதையும் தேய்க்கக் கூடாது என்று முதலில் சொல்லிவிட்டேன். மொத்த எடை 1,610 கிராம். தகட்டை உரசிப் பார்க்காமல், ஹால்மார்க் மையத்தில் எக்ஸ்ரே கருவியின் கீழ் வைத்தோம். வெள்ளி, நூற்றுக்கு 91-ஐ ஒட்டி. பழைய வெள்ளி ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது 91.7 விழுக்காடு. காசை உருக்கித் தகடு அடித்திருக்கலாம் என்று தோன்றியது. அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது 1940-இல் என்பதால், தடி அதற்கு முந்தியது என்ற பக்கம் தராசு சாய்ந்தது.

எழுத்து குமிழுக்குக் கீழே வளையமாக ஓடியது. உப்புத்தாள் பட்ட இடங்களில் வெறும் கீறல்தான். பக்கவாட்டில் டார்ச் அடித்து, மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்ததில் இவ்வளவு தேறியது:

பிலவ … ௵ … தை ௧ … ரூ எடை ௱௬௰௮ … உபயம்

எடைக்கும் உபயத்துக்கும் நடுவில் மூன்று தலைப்பெழுத்துகள் இருந்தன. குடும்பத்தை அடையாளம் காட்டும் அதை நகரத்தார் விலாசம் என்பார்கள். இங்கே அதைத் தர வேண்டியதில்லை. ௵ வருஷத்தின் குறி. ௧ ஒன்று. ௱௬௰௮ நூற்று அறுபத்தெட்டு. ரூ எடை என்பது வெள்ளி ரூபாய்க் காசின் எடையை அளவாகக் கொண்டது.

நான் எழுதிக் கொடுத்த குறிப்பு இது: ‘பிலவ வருஷம் தை முதல் நாள், பொங்கலன்று, 168 ரூபாய் எடை வெள்ளியில் செய்த கோயில் உபயம்.’ பிலவ வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1901-02, பிறகு 1961-62. 1962 தைக்குள் மெட்ரிக் எடை வந்துவிட்டது. அந்தக் காலத்தில் தமிழ் எண்ணில் ரூபாய் எடை பொறிப்பது அரிது. வெள்ளியின் தரமும் சேர்ந்து 1902 ஜனவரி என்று முடிவுகட்டினேன். படித்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது.

ஒரு கணக்கு மட்டும் உதைத்தது. ஒரு ரூபாய் எடை 11.66 கிராம், 168 ரூபாய் எடை என்றால் 1,959 கிராம். உள்ளே மரத்தோடு சேர்த்தே தடி 1,610 கிராம்தான். இதற்கு நான் எழுதிய விளக்கம்: ‘மூலத் தகடு உரிக்கப்பட்டு, பிற்காலத்தில் மெல்லிய தகடு போர்த்தப்பட்டிருக்கலாம்.’ மரத்துக்கு அறுநூறு கிராம் விட்டால், சுமார் ஒரு கிலோ வெள்ளி காணோம் என்று வாய்மொழியாகவும் சொல்லிவைத்தேன். எழுத்துள்ள தகட்டையே பிறகு போர்த்தியிருந்தால் அதில் பழைய எழுத்து எப்படி வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

அதன் விளைவு

மறுநாளே கணவர் கடைக்காரருக்குப் போன் போட்டு, ‘வெள்ளியை உரிச்சுட்டு வித்தீங்களா?’ என்று கேட்டுவிட்டார். வெள்ளி என்றே தெரியாமல் 3,500 ரூபாய்க்குக் கொடுத்த மனிதரிடம் கேட்கிற கேள்வி அல்ல. அவர் போனை வைத்தார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. தடி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர். அவர் மறுபடி பேச மூன்று வாரம் ஆயிற்று.

அந்த இடைவெளியில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் கோயில் புகைப்படத் தொகுப்பில் தேடலாமா என்று யோசித்தோம். 1956 முதல் எடுத்துச் சேர்த்த லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உண்டு. காணாமல் போன சிலைகளை அடையாளம் காண உதவியவை. ஊர்ப் பெயர் தெரியாமல் ஒரு தடியை அதில் தேடுவது நடக்கிற காரியமில்லை என்று விட்டோம்.

மிஞ்சியது விலாசம். கல்யாண வீட்டு உறவினர் அந்த மூன்று எழுத்துகளைக் கேட்டவுடன் இரண்டு ஊர்களைச் சொன்னார். அதில் ஒன்றில், எண்பது கடந்த ஓர் ஆச்சியிடம் எங்களை அழைத்துப் போனார்.

இரண்டாம் வாசிப்பு

ஆச்சி தடியைத் தொடவில்லை. நான் எடுத்திருந்த பென்சில் படியை வாங்கி, வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், வெயில் விழுகிற இடத்துக்கு நகர்ந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நான் வாசித்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

‘தை இல்ல தம்பி. ஜதை.’

எனக்குப் புரியவில்லை.

‘ஜதை ஒண்ணு. ஒத்தைத் தடியாவா சாமிக்குக் குடுப்பாக? ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் புடிச்சு வரணும்ல?’

தாளை வாங்கிப் பார்த்தேன். ‘தை’க்கு முன்னால் உப்புத்தாள் தேய்த்த இடத்தில், கீறல் என்று நான் ஒதுக்கிய வளைவு ஜகரத்தின் வால். தை முதல் தேதி என்று நான் பொங்கல் கொண்டாடியது ‘ஜதை ஒன்று’. ஒரு ஜோடித் தடிக்கு 168 ரூபாய் எடை என்றால், ஒன்றுக்கு 84, 980 கிராம். மரத்துக்கு 630 கிராம் மீதி. ஒரு குந்துமணி வெள்ளிகூடக் காணாமல் போகவில்லை.

அடுத்த கேள்வியைக் கணவர் கேட்டார்: ‘ஆச்சி, அப்ப இன்னொண்ணு எங்க இருக்கு?’

‘கோயில்ல இல்லாம எங்க போகும்?’

கோயிலில்

சிவன் கோயில், நித்திய பூஜை நடக்கிற நடுத்தர அளவுக் கோயில். அறங்காவலர் இருவர் முன்னிலையில் பாத்திர அறை பீரோவைத் திறந்தார்கள். துணி சுற்றி, கறுத்துப்போய், இணைத் தடி உள்ளே இருந்தது. 1,625 கிராம். குமிழின் பூவேலையும் வளையத்தின் இடைவெளியும் ஒத்துப்போயின. யாரும் தேய்க்காததால் எழுத்து முழுசாக இருந்தது:

பிலவங்க௵ ஜதை ௧ க்கு ரூ எடை ௱௬௰௮

அதன் பிறகு விலாசம், உபயம். பிலவ அல்ல, பிலவங்க. 1907-08. என் குறிப்பில் மாதம் தவறு, நாள் தவறு, ஆண்டும் ஆறு தள்ளித் தவறு. தொல்பொருள் சட்டத்தின் நூறாண்டு எல்லையை எப்படிப் பார்த்தாலும் தாண்டியிருந்தது என்பது மட்டும் மாறவில்லை.

அறநிலையத் துறைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவின்படி வைத்திருக்கும் சொத்துப் பதிவேட்டில் ‘வெள்ளித்தடி, 1’ என்றே இருந்தது. பதிவேடு எழுதிய நாளில் கோயிலில் இருந்தது ஒன்றுதான். ஆகவே எதுவும் காணாமல் போனதாக யாரும் நினைக்கவில்லை, புகாரும் இல்லை.

கதையின் மறுபாதி, கடைக்காரர் சமாதானமான பிறகு கிடைத்தது. கோயில் காரியத்தை முறைவைத்துப் பார்க்கும் முறைகாரர் ஒருவர் குமிழ் நசுங்கிய தடியைச் சரிசெய்ய வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். அவர் காலத்துக்குப் பிறகு வீடு பூட்டிக் கிடந்தது. இடையில் யாரோ பெயின்ட் அடித்துக் கொசுவலைக் கட்டிலுக்குக் கம்பாக வைத்தார்கள். பாகப்பிரிவினையின்போது தட்டுமுட்டுச் சாமானை மொத்தமாக விலை பேசி விற்றார்கள். வாரிசுகளில் ஒருவருக்குக் கொசுவலைக் கம்பு நினைவிருந்தது. அது வெள்ளி என்பது அவருக்கும் செய்தி.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

காவல் துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு எழுதுவதா என்று பேசினோம். திருட்டின் அடையாளம் இல்லை. உரியவர் யார் என்பதும் தெரிந்துவிட்டது. எனவே முதலில் அறங்காவலர்களுக்கு எழுத்து மூலம், படங்களோடு, தெரிவிப்பது என்று முடிவானது. வாய்மொழியாகக் கொடுத்து வாங்கக் கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். தடி வெளியே போனதே வாய்மொழியில்தான்.

கோயில் தரப்பு, கொடுத்த விலையைத் தந்துவிடுகிறோம் என்றது. மனைவி வேண்டாம் என்றார். கணவர் அந்த நேரத்தில் ஒன்றும் சொல்லவில்லை. 3,500 ரூபாய் போனதைவிட, வெள்ளி என்று தெரிந்த பிறகு விட்டுக்கொடுப்பது அவருக்குச் சங்கடமாக இருந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றுதான்: பதிவேட்டில் திருத்தம் செய்து, அதன் நகலும் பெற்றுக்கொண்டதற்கான சீட்டும் வேண்டும். பத்து நாளில் இரண்டும் வந்தன. ‘வெள்ளித்தடி, ஜதை 1’ என்று எழுதியிருந்தார்கள். துறையின் ஆய்வாளருக்கும் ஒரு நகல் போனது.

இன்று செய்தால் எப்படிச் செய்வேன்

கணக்கு உதைத்த இடத்திலேயே நின்றிருப்பேன். எடை பொருந்தவில்லை என்றால் தப்பு பொருளில் இருக்கலாம், என் வாசிப்பிலும் இருக்கலாம். நான் பொருளைச் சந்தேகித்தேன், வாசிப்பைச் சந்தேகிக்கவில்லை. பொங்கல் நாள் என்று விழுந்ததும் அந்த அழகில் மயங்கிவிட்டேன்.

தேய்ந்த எழுத்தை எழுதிக் காட்டும்போது, விட்டுப்போன இடத்தில் எத்தனை எழுத்து அடங்கும் என்று அளந்து குறிப்பேன். ‘பிலவ’வுக்கும் ௵-க்கும் நடுவில் இரண்டு எழுத்துக்கு இடம் இருந்தது, தாளில் இப்போதும் தெரிகிறது. அரைகுறை முடிவை வாங்கியவர் காதில் போடாமல் இருந்திருப்பேன், குறிப்பாக அது வேறொருவரைத் திருடனாக்கும் முடிவு என்றால். கடைக்காரரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

வாங்குகிறவர்களுக்குச் சொல்ல இரண்டு உண்டு. பெயின்ட் அடித்த பழைய சாமானில் உப்புத்தாளை வைக்காதீர்கள். தின்னரோடு நிறுத்தியிருந்தால் எழுத்து முழுசாக இருந்திருக்கும். ரசீதில் ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனியாக, எந்த ஊர் வீட்டுச் சாமான் என்பதோடு எழுதி வாங்குங்கள்.

பின்குறிப்பு

பங்குனி உற்சவத்துக்கு அழைத்திருந்தார்கள். தம்பதியும் வந்திருந்தார்கள். புறப்பாட்டில் இரண்டு தடிகளும் சாமிக்கு முன்னால் இரு பக்கமும் வந்தன, ஒன்றுக்கொன்று நிறம் மாறாமல். இணைத் தடியை அப்படியே விடுங்கள் என்று எழுத்தில் கேட்டிருந்தேன். ஒன்று பளபளக்க, மற்றது கறுத்திருந்தால் நன்றாகவா இருக்கும் என்று, பரிசாரகர் முதல் நாள் ராத்திரியே விபூதி போட்டுத் துலக்கியிருக்கிறார். விபூதி உப்புத்தாள் அல்ல. எழுத்து இருந்தது, ஓரங்கள் மட்டும் கொஞ்சம் மழுங்கியிருந்தன. துலக்குவதற்கு முன் நான் எடுத்து வைத்த பென்சில் படியின் நகலைப் பதிவேட்டோடு சேர்த்துத் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தேன்.